ஒரே மரணம், இரண்டு புத்தகம்: வாழ்க்கை வரலாறும் தன்வரலாறும்

1876 பிப்ரவரி 1. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மரணப் படுக்கையில் கிடக்கிறார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அவரைத் தன் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இன்னொரு மாணவர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். அவருக்கு இருபத்தொரு வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. பாட்டைக் கேட்டபடியே ஆசிரியரின் உயிர் பிரிகிறது.

வாசித்த அந்த மாணவர்தான் உ.வே. சாமிநாதையர். இந்தக் காட்சியை அவர் இரண்டு புத்தகங்களில் எழுதியிருக்கிறார். ஒன்று, 1933-லும் 1934-லும் இரண்டு பாகங்களாக வந்த ஆசிரியரின் வரலாறு, ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’. இன்னொன்று 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திரம்’. இரண்டிலும் அதே படுக்கை, அதே பாட்டு. ஆனால் முதல் புத்தகத்தில் அந்த மரணம் வந்ததும் கதை முடிந்துவிடுகிறது. இரண்டாவது புத்தகத்தில் அது கதையின் நடுவில் வருகிறது. அதற்கு மேல் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆசிரியர் போய்விட்டார், இனி யாரிடம் பாடம் கேட்பது, எங்கே சாப்பிடுவது, பிழைப்புக்கு என்ன வழி என்று ஓர் இளைஞன் தவிக்க வேண்டியிருக்கிறது. திருவாவடுதுறைச் சைவ மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை அரவணைத்துக்கொள்கிறார். நான்கு வருடம் கழித்துக் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைக்கிறது.

வாழ்க்கை வரலாறு என்றால் என்ன, தன்வரலாறு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு புத்தகங்களைத்தான் கையில் கொடுப்பேன். ஒரே ஆள் எழுதியவை. ஐந்தாறு வருட நிகழ்ச்சிகள் இரண்டுக்கும் பொது. தலைப்பைப் பாருங்கள்: அது பிள்ளையவர்கள் சரித்திரம், இது என் சரித்திரம். ‘சரித்திரம்’ என்ற சொல் மாறவில்லை, அதன் முன்னால் நிற்கும் சொல் மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்த ஒரு சொல் மாறியதும் புத்தகத்துக்குள் என்னென்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விடை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வாழ்க்கையைப் பிறர் எழுதினால் வாழ்க்கை வரலாறு, தானே எழுதினால் தன்வரலாறு அல்லது சுயசரிதை. தப்பில்லாத விடைதான். இரண்டு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் பிரிக்க உட்கார்ந்தால் சீக்கிரமே தடுமாறிப்போவோம். ‘நான்’ என்று எழுதியிருந்தால் தன்வரலாறு, ‘அவர்’ என்று எழுதியிருந்தால் வாழ்க்கை வரலாறு என்று பலர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். கண்ணதாசனின் ‘வனவாசம்’ அந்த அடையாளத்தை முதல் பக்கத்திலேயே உடைத்துவிடும். தி.மு.க.வைவிட்டு வெளியேறும்வரையான தன் வாழ்க்கையை அதில் அவர் ‘அவன்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறார். தன்னை ஒரு மூன்றாம் மனிதனாக நிறுத்திவைத்துப் பார்ப்பதால், ‘நான்’ என்று எழுதினால் கை கூசியிருக்கக்கூடிய சிலவற்றையும் எழுத முடிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அது படர்க்கையில் எழுதிய தன்வரலாறு.

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ இன்னொரு வகை. கலாம் ‘நான்’ என்று பேசும் புத்தகம், ஆனால் அருண் திவாரி சேர்ந்து எழுதியது. பேனா பிடித்த கை யாருடையது என்பதும் முழு விடை ஆகாது என்பதற்கு இது போதும்.

தமிழிலேயே இதற்கு நல்ல இரண்டு சொற்கள் இருக்கின்றன: கேட்டறிவு, பட்டறிவு. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் கேட்டு, தேடி, கடிதங்களைப் படித்து, நாலு பேரை விசாரித்து அறிகிறார். தன்வரலாறு எழுதுகிறவர் பட்டு அறிந்ததைச் சொல்கிறார். யார் எழுதியது என்பதைவிட, எழுதியவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே படித்தால் வித்தியாசம் நன்றாகப் பிடிபடுகிறது.

பிள்ளையவர்கள் 1815-ல் பிறந்தவர். உ.வே.சா. அவரிடம் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) போய்ச் சேர்ந்தது 1871-ல். அதாவது ஆசிரியரின் வாழ்க்கையில் கடைசி ஐந்து வருடம்தான் மாணவர் கண்ணால் பார்த்தது. முன்னால் இருக்கும் ஐம்பத்தைந்து வருடத்தையும் பிறரிடம் கேட்டும், பழைய கடிதங்களிலிருந்தும், அவர் அங்கங்கே பாடிய தனிப்பாடல்களிலிருந்தும், பிறர் நூல்களுக்குக் கொடுத்த சிறப்புப்பாயிரங்களிலிருந்தும்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் பாகம் வெளிவந்தபோது ஆசிரியர் இறந்து ஐம்பத்தேழு வருடம் ஆகியிருந்தது. மாணவருக்கு வயது எழுபத்தெட்டு. ஆசிரியரோடு பழகியவர்களில் மிகப் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த அதே மனிதர், அதே பொறுமையோடு ஒரு மனிதரின் வாழ்க்கையையும் துண்டு துண்டாகச் சேர்த்திருக்கிறார்.

அந்தப் புத்தகத்தில் 1871 வந்ததும் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் உள்ளே நுழைந்துவிடுகிறார். ‘நான்’ வந்துவிடுகிறது. அப்புறம் அது வெறும் வாழ்க்கை வரலாறாக இருப்பதில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவரின் சாட்சியமும் ஆகிறது. அதேபோல ‘என் சரித்திர’த்தில் ஒரு பெரிய பகுதி முழுக்கப் பிள்ளையவர்கள்தான் நிறைந்திருக்கிறார். புதிதாக வந்த பையனைச் சேர்த்துக்கொள்ள அவர் முதலில் தயங்கியது, மாணவர்கள் வருவதும் கொஞ்ச நாளில் போய்விடுவதுமாக இருக்கிறார்களே என்று வருத்தப்பட்டது எல்லாம் அங்கே இருக்கிறது.

பெயர் மாறிய கதையும் அங்கேதான் வருகிறது. பையனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். உனக்கு வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்கிறார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்கிறான் பையன். இனிமேல் சாமிநாதன் என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஆசிரியர். அந்த நாள் முதல் அந்தப் பெயரே நிலைத்தது. ‘என் சரித்திரம்’ என்ற புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பெயரே அவர் ஆசிரியர் தேர்ந்துகொடுத்ததுதான். ஒருவர் தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகிறது. தன் கதை என்று எழுதுவதில் பாதி அப்பா, அம்மா, வாத்தியார், சிநேகிதர்களின் கதை.

தன்வரலாற்றில் எல்லாமே பட்டறிவு என்று நினைத்துவிடவும் கூடாது. யாருக்கும் தான் பிறந்தது ஞாபகம் இருக்காது. உ.வே.சா. தன் ஊரான உத்தமதானபுரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறார். ஏகாதசி விரத நாளில் மறந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்ட தஞ்சாவூர் அரசர் ஒருவர், பிராயச்சித்தமாக அந்தணர்களுக்குத் தானம் செய்த ஊர் என்ற கதை அது. அவர் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்னால் நடந்ததாக ஊரில் வழங்கிய கதை. ஆக தன்வரலாறுகூட முதல் சில பக்கங்களுக்குக் கேட்டறிவை நம்பித்தான் நிற்கிறது. நம் பிறப்பு விஷயத்தில் நாமே நமக்கு வெளியாள்.

சரி, பட்டறிந்ததையாவது அப்படியே நம்பலாமா? பாரதியாரின் சுயசரிதைப் பாட்டை எடுத்துக்கொள்வோம். 1910-ல் ‘கனவு’ என்ற பெயரில் வந்தது. சின்ன வயதுக் காதல், ஆங்கிலப் படிப்பு, கல்யாணம், அப்பாவின் வறுமை என்று போகும் அந்தப் பாட்டில், பன்னிரண்டு ஆண்டுக்குள் தந்தை தனக்கு மணம் முடித்துவைத்தார் என்று ஒரு இடம் வருகிறது. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கணக்குப் போட்டால் வேறு எண் வருகிறது. பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, செல்லம்மாவை மணந்தது 1897 ஜூன். அப்போது அவருக்குப் பதினான்கு நடந்து முடிந்து அரை வருடம் ஓடியிருந்தது.

இதில் யார் சொல்வது சரி? தேதி வேண்டுமென்றால் வரலாற்று ஆசிரியரிடம்தான் போக வேண்டும். ஆனால் அதே பாட்டில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, தந்தைக்குச் செலவு ஆயிரம், தனக்குச் சேர்ந்த தீது பல்லாயிரம், நலம் ஓர் எள்ளளவும் கண்டதில்லை என்று பாரதி குமுறுகிறாரே, அந்தக் குமுறலை எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் தேடி எடுக்க முடியாது. எந்த ஆண்டு திருநெல்வேலிக்குப் படிக்கப் போனார் என்று ஆய்வாளர் சொல்லலாம். அங்கே போய் உட்கார்ந்த பையனுக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதை அவனேதான் சொல்ல வேண்டும். தேதி தப்பிய தன்வரலாற்றைப் பொய் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. அதில் தேட வேண்டியதே வேறு.

பாரதியின் மனைவி செல்லம்மா கணவரைப் பற்றிச் சொன்னவை இன்னொரு நிலையில் நிற்கின்றன. சமைக்க வைத்திருந்த அரிசியைக் கணவர் எடுத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டதை நாம் இன்று கவிஞரின் கருணை என்று கொண்டாடுகிறோம். அன்றைக்கு உலை வைக்க வேண்டியிருந்தவர் செல்லம்மா. அவர் சொல்லும்போது அது பாரதியின் வரலாறும்தான், செல்லம்மாவின் தன்வரலாறும்தான். நினைவுக் குறிப்பு என்று நாம் அழைக்கும் வகை பெரும்பாலும் இப்படி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். என் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய டைரியில் தன் கதையை எழுதினார். அறுபது பக்கம் இருக்கும். நீல மை, வரிக்கு வரி நேராக இருக்கும் கையெழுத்து. அதில் ஒரு இடத்தில், ‘பத்தாம் வகுப்பில் சைக்கிள் வாங்கினேன்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு முக்கால் பக்கத்துக்கு, வாங்கிய அன்று நிலா வெளிச்சத்தில் ஆற்றுப் பாலத்துக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல் நாலு தடவை பாலத்தின் மேல் போய்ப் போய் வந்ததை எழுதியிருந்தார். அவர் காலமான பிறகு அந்த டைரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இந்த இடம் வந்ததும் அத்தை நிறுத்தச் சொன்னார்.

“ஏண்டா, காசு எங்கேர்ந்து வந்ததுன்னு எழுதிருக்கானா?”

இல்லை என்றேன்.

“என் தோட்டை அடகு வச்சுதான் அந்தச் சைக்கிள் வந்தது. அவனுக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

அப்பா எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தன் வாழ்க்கையில் அந்தப் பகுதி தெரியவே தெரியாது. நம் வாழ்க்கையில் நடந்த சில விஷயங்கள் நமக்குத் தெரியாமல் அடுத்தவரிடம் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கு யாராவது அப்பாவின் வரலாற்றை எழுதினால் அந்தத் தோடு அதில் வந்துவிடும். ஆனால் அந்தப் பாலமும் நிலாவும் அத்தைக்கே தெரியாது. டைரி இல்லையென்றால் அது அப்பாவோடு போயிருக்கும்.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அடுத்தவர் வாழ்க்கையை எழுத எனக்கு என்ன உரிமை? தன் கதையை எழுதுகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. இந்த வித்தியாசம் நம் ஊர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் தன் வாழ்க்கையை எழுதியதாகவும், அதில் காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகளோடு அவருக்கு இருந்த தொடர்புகள் வருவதாகவும் சொல்லி, அதைத் தொடராக வெளியிடப்போவதாக நக்கீரன் பத்திரிகை அறிவித்தது. அவர் அப்படி எதையும் எழுதவில்லை, வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை 1994-ல் கடிதம் அனுப்பியது. ஆக வழக்கின் அடியிலேயே நம் கேள்விதான் கிடந்தது: இது தன்வரலாறா, பிறர் எழுதிய வரலாறா?

1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அவர் எழுதினாரா இல்லையா என்ற உண்மைக்குள் நீதிமன்றம் போகவில்லை. அவர் எழுதவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு பார்த்தது. நீதிமன்ற ஆவணங்கள் உட்படப் பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமலே எழுதி வெளியிடலாம். அதைத் தாண்டி அவருடைய அந்தரங்க வாழ்க்கைக்குள் போனால் தனியுரிமையை மீறியதாகலாம், அதன் விளைவுகளை எழுதியவரும் வெளியிட்டவரும் ஏற்க வேண்டும். அதே சமயம், அவதூறு வரும் என்று பயந்து அதிகாரிகள் வெளியீட்டுக்கு முன்பே தடை போடவும் முடியாது என்றது தீர்ப்பு. இந்தியாவில் தனியுரிமை பற்றிய பேச்சு எப்போது வந்தாலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. வீடு, குடும்பம், கல்யாணம் என்று உள்ளே இருப்பதை எழுத வேண்டுமென்றால் அந்த ஆளின் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். தன்வரலாற்றை எழுதுகிறவர் அந்தச் சம்மதத்தைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறார். ஆனால் அவர் கதைக்குள் வரும் மனைவியும் அண்ணன் தம்பியும் சம்மதம் கொடுத்தார்களா என்பது தன்வரலாற்றிலும் உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம்தான்.

யாருடைய வாழ்க்கையைப் பிறர் எழுத முன்வருவார்கள் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாயன்மார்களுக்குப் பெரியபுராணம் வந்தது. புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை 1886-ல் யாழ்ப்பாணத்தில் ‘பாவலர் சரித்திர தீபகம்’ கொண்டுவந்தார். அடியார், புலவர், அரசர், தலைவர் என்றுதான் வரலாறுகள் வந்துகொண்டிருந்தன. சேரியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை வரலாறாக எழுத யாரும் தேடி வரவில்லை. 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அது அவ்வளவு பெரிய அதிர்வாக இருந்ததற்கு இதுவும் காரணம். யாரும் எழுத வராத வாழ்க்கைக்குத் தன்வரலாறுதான் கதவு. பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில் சொல்பவரின் பெயர்கூட வருவதில்லை. ஒரு பெண்ணின் கதையாகத் தொடங்குவது போகப் போக ஊரின் கதையாக ஆகிவிடுகிறது. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வும் இந்த வழியில் வந்ததுதான்.

இரண்டு வகைகளும் கடைசியாகப் பிரிகிற இடம், கதை எங்கே நிற்கிறது என்பது. வாழ்க்கை வரலாறு இறப்புவரை போகும், அதற்கு அப்பாலும் போகும். தன்வரலாறு எங்கேயாவது நின்றாக வேண்டும், எங்கே என்பதைச் சிலர்தான் தாங்களே தீர்மானிக்கிறார்கள். காந்தி தன் ‘சத்திய சோதனை’யை 1925 முதல் 1929 வரை வாரந்தோறும் எழுதினார். ஆனால் கதையை 1920-ஐ ஒட்டியே நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு தன் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்த பொது வாழ்க்கை ஆகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்தவர் எழுத முடிகிறதை நான் எதற்கு எழுத வேண்டும் என்ற தெளிவு அது.

உ.வே.சா.வுக்கு அப்படித் தீர்மானிக்க அவகாசம் கிடைக்கவில்லை. ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயங்களோடு நின்றுபோகிறது. மணிமேகலைப் பதிப்பு வந்தது 1898-ல், கதை அதை ஒட்டிய காலத்தோடு அறுந்துவிடுகிறது. முதல் தடவை படித்தபோது அடுத்த பக்கம் கிழிந்துபோயிருக்கிறதோ என்று நான் புரட்டிப் பார்த்தேன். சென்னைக்கு மாறியது, மகாமகோபாத்தியாயர் பட்டம், பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகைப் பதிப்புகள் என்று இன்னும் நாற்பது வருடத்துக்கு மேலான உழைப்பு இருக்கிறது. அது தொடர்ந்த கதையாக அவர் வாயால் நமக்குக் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் சென்னையைவிட்டுத் திருக்கழுக்குன்றம் போயிருந்தவர் 1942 ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமானார்.

மீதியை எழுதியவர் அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன். உ.வே.சா. பிள்ளையவர்களுக்குச் செய்ததை இவர் உ.வே.சா.வுக்குச் செய்தார். அந்தப் புத்தகத்தின் பெயர் ‘என் ஆசிரியப்பிரான்’. ‘என் சரித்திர’த்தின் கடைசிப் பக்கத்தில் மனசு ஆறாமல் நிற்பவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது அதைத்தான்.